தீவைப்பு வழக்கு நிற்க வேண்டுமானால்: கூறு கூறாகச் சரிபார்க்கும் முறை

"வீடு எரிந்துவிட்டது. எங்களுக்கும் அவர்களுக்கும் பகை உண்டு. ஆகவே அவர்கள்தான் வைத்திருப்பார்கள்." காவல் நிலையத்துக்கு வரும் தீவைப்புப் புகார்களில் பாதிக்கு மேல் இந்த மூன்று வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும். நீதிமன்றம் கேட்பது வேறு மூன்று கேள்விகள். அந்தத் தீ தானாகப் பிடித்ததா, வைக்கப்பட்டதா? வைத்தவர் மனதில் என்ன இருந்தது? எரிந்த பொருள் சட்டம் சொல்லும் எந்த வகையைச் சேர்ந்தது? இந்த மூன்றுக்கும் தனித்தனியாகச் சான்று வேண்டும். ஒன்றுக்கான சான்றைக் காட்டி மற்றொன்றை நிரப்ப முடியாது.

புகார் எழுதுபவர், விசாரிக்கும் அதிகாரி, வழக்கை எடுக்கும் இளம் வழக்கறிஞர் என யாராக இருந்தாலும் கீழே உள்ள வரிசையில் போனால் ஓட்டை எங்கே என்று சீக்கிரம் தெரிந்துவிடும்.

முதலில் தேதியைப் பாருங்கள்

2024 ஜூலை 1 அன்று, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக, பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய நாள் இரவு வரை நடந்த தீவைப்புக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 435, 436 பிரிவுகள். அன்று முதல் நடந்தவற்றுக்கு சன்ஹிதாவின் 326-ஆவது பிரிவில் உள்ள (எஃப்), (ஜி) உட்பிரிவுகள். (எஃப்) பொதுவாக எந்தச் சொத்துக்கும் வைக்கும் தீ; (ஜி) குடியிருப்பு, வழிபாட்டிடம், கிடங்கு போன்ற கட்டடத்துக்கு வைக்கும் தீ. முதல் தகவல் அறிக்கை எப்போது பதிவானது என்பது இதற்குப் பொருட்டல்ல. தீ எப்போது வைக்கப்பட்டது என்பதுதான் கணக்கு. ஜூன் 30 இரவு எரிந்த வைக்கோல் போருக்கு ஜூலை 2 அன்று புகார் கொடுத்தாலும் பழைய சட்டம்தான்.

ஒரு வித்தியாசத்தை நினைவில் வையுங்கள். பழைய 435-இல் சேதம் 100 ரூபாயாவது இருக்க வேண்டும், விளைபொருளானால் 10 ரூபாய். புதிய (எஃப்) உட்பிரிவில் அந்தத் தொகை வரம்பு இல்லை. அதனால் சேத மதிப்பை எழுத வேண்டாம் என்று ஆகிவிடாது. தண்டனை அளவுக்கும் இழப்பீட்டுக்கும் மதிப்பு தேவைப்படும்.

தண்டனையிலும் நடைமுறையிலும் இரண்டு உட்பிரிவுகளுக்கும் இடையே பெரிய இடைவெளி. (எஃப்) என்றால் 7 ஆண்டு வரை சிறை, அபராதம், ஜாமீனில் விடக்கூடியது, முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் விசாரிப்பார். (ஜி) என்றால் ஆயுள் தண்டனை அல்லது 10 ஆண்டு வரை சிறை, அபராதம், ஜாமீனில் விட முடியாதது, செஷன்ஸ் நீதிமன்றம். இரண்டிலும் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். எனவே எரிந்தது என்ன என்ற கேள்விதான் ஒருவர் அன்றைக்கே வீட்டுக்குப் போகிறாரா, சிறைக்குப் போகிறாரா என்பதைத் தீர்மானிக்கிறது.

அடித்தளம்: சேதம் விளைவித்தல்

இந்தியச் சட்டத்தில் தீவைப்பு தனிக் குற்றமாக நிற்கவில்லை. 324-ஆவது பிரிவில் (பழையது 425) உள்ள 'மிஸ்சீஃப்', அதாவது பிறருக்குத் தவறான நட்டம் வரும் வகையில் சொத்துக்குச் சேதம் விளைவித்தல் என்ற குற்றத்தின் கடுமையான வடிவம்தான் அது. ஆகவே முதலில் அந்த அடிப்படைக் குற்றம் நிரூபணமாக வேண்டும். சொத்து ஒன்று அழிந்திருக்க வேண்டும், அல்லது அதன் மதிப்போ பயனோ குறைந்திருக்க வேண்டும். யாரோ ஒருவருக்கு அல்லது பொதுமக்களுக்கு நட்டமோ சேதமோ விளைவிக்கும் எண்ணம், அல்லது விளையும் என்ற அறிவு, செய்தவருக்கு இருந்திருக்க வேண்டும்.

தன் சொத்தைத் தானே எரித்தால் குற்றமில்லை என்று பலர் நம்புகிறார்கள். சட்டத்தின் விளக்கம் 2 நேர் எதிராகச் சொல்கிறது: செய்தவருக்கே சொந்தமான சொத்தின் மீதும், கூட்டுச் சொத்தின் மீதும் இந்தக் குற்றம் நிகழலாம். கடனுக்காக ஜப்தி செய்யப்படப் போகும் பொருட்களைக் கடன் கொடுத்தவருக்குக் கிடைக்காமல் அழிப்பதும், காப்பீடு செய்த கப்பலைக் காப்பீட்டாளருக்கு நட்டம் வர வேண்டுமென்றே கவிழ்ப்பதும் சட்டத்திலேயே உதாரணங்களாக உள்ளன. சொந்தக் கடைக்குத் தீ வைத்துவிட்டு காப்பீட்டுத் தொகை கேட்பது இந்த வகை. அதில் ஏமாற்றுதலுக்கான 318-ஆவது பிரிவும் கூடச் சேரும். பாகப்பிரிவினை முடியாத வீட்டை அண்ணன் தம்பிகளில் ஒருவர் எரித்தாலும் 'என் வீடு' என்ற பதில் எடுபடாது.

நட்டப்படுபவர் சொத்தின் உரிமையாளராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வாடகைக்காரரை விரட்ட வீட்டுக்காரரே வைக்கும் தீ இதனால்தான் குற்றமாகிறது.

எண்ணமா, அறிவா, அசட்டையா?

பெரும்பாலான குற்றப்பத்திரிகைகள் இந்த இடத்தில்தான் மெலிந்து கிடக்கின்றன. சட்டம் இரண்டு மனநிலைகளை ஏற்கிறது: சேதம் விளைவிக்க வேண்டும் என்ற எண்ணம், அல்லது 'இப்படிச் செய்தால் இது எரிந்துபோக வாய்ப்பு அதிகம்' என்ற அறிவு. இரண்டில் ஒன்று போதும். இரண்டும் இல்லாமல் கவனக்குறைவு மட்டும் இருந்தால் அது 287-ஆவது பிரிவு. அதில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தீபாவளி ராக்கெட் திசை மாறி கூரை வீட்டில் விழுந்தால் 287. அதே ராக்கெட்டைப் படுக்க வைத்து, எதிரே உள்ள கூரையைப் பார்த்துக் கொளுத்தினால் (ஜி). வரப்பில் குப்பை கொளுத்தும்போது காற்று வாக்கில் பக்கத்து வயல் கரும்பு எரிந்தால் முதற்பார்வைக்கு அசட்டைதான். 'காற்றடிக்குது, இப்பக் கொளுத்தாதே' என்று இரண்டு பேர் தடுத்தும் கொளுத்தினார் என்றால் நிலைமை அறிவை நோக்கி நகர்கிறது. அப்படித் தடுத்தவர்களின் வாக்குமூலம் வழக்கின் தன்மையையே மாற்றிவிடும். ஆனால் விசாரணையில் அவர்களைத் தேடிப் பிடிப்பவர்கள் குறைவு.

இன்னொரு சூழல் அடிக்கடி வரும். வாசலில் நிற்கும் பைக்கைக் கொளுத்துகிறார்கள். தீ கதவுக்கும் சன்னலுக்கும் பரவுகிறது. பைக் மட்டும் என்றால் (எஃப்). நிலைக்கதவை ஒட்டி நிறுத்திய வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றியவருக்கு வீடும் பற்றும் என்று தெரியாமலா இருந்திருக்கும்? இங்கே (ஜி) கேட்க வேண்டுமானால் வண்டிக்கும் கதவுக்கும் இடையே எத்தனை அடி, கதவு மரமா இரும்பா, மேலே பந்தல் இருந்ததா, உள்ளே ஆள் தூங்கியது வெளியே தெரியுமா என்பதெல்லாம் பார்வை மகஜரில் (சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பில்) இருக்க வேண்டும். 'வீட்டின் முன் இருந்த வாகனம் எரிந்து காணப்பட்டது' என்று ஒற்றை வரி எழுதினால் அறிவை நிரூபிக்கும் வழியைத் தானே அடைத்த மாதிரி.

நோக்கமும் எண்ணமும் ஒன்றல்ல. வரப்புத் தகராறு, காதல் திருமணம், தேர்தல் பகை எல்லாம் ஏன் செய்தார் என்பதற்கான நோக்கம். அது நிரூபணமாகாவிட்டாலும் நேரில் பார்த்த சாட்சி உறுதியாக இருந்தால் வழக்கு நிற்கும். நோக்கம் மட்டும் நிரூபணமாகி மற்றவை இல்லாவிட்டால் நிற்காது. பகை இருபுறமும் கூரான கத்தி என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம், அதே பகை பொய்ப் புகாருக்கும் காரணமாகலாம் என்பதே.

எரிந்தது 'கட்டடம்'தானா?

(ஜி) உட்பிரிவு பொருந்த மூன்று வகைக் கட்டடங்களில் ஒன்றை அழிக்கும் எண்ணமோ அறிவோ இருந்திருக்க வேண்டும்: வழிபாட்டிடம், மனிதர் குடியிருக்கும் இடம், சொத்தைப் பாதுகாத்து வைக்கும் இடம். மூன்றுக்கும் பொதுவான நிபந்தனை, அந்தக் கட்டடம் வழக்கமாக அப்படிப் பயன்படுத்தப்பட்டு வர வேண்டும்.

அந்த 'வழக்கமாக' என்ற சொல்லில்தான் இழுபறி. குடும்பம் திருப்பூருக்கு வேலைக்குப் போய், பொங்கலுக்கு மட்டும் வந்து திறக்கும் பூட்டிய வீடு குடியிருப்புதான். தீ வைத்த நேரத்தில் உள்ளே ஆள் இருக்க வேண்டியதில்லை. கிரகப்பிரவேசம் ஆகாத புது வீடு இன்னும் குடியிருப்பாகவில்லை. ஆனால் அதற்குள் சிமெண்ட் மூட்டை, தேக்கு நிலை, மின் சாமான்கள் அடுக்கிப் பூட்டி வைத்திருந்தால் சொத்தைப் பாதுகாக்கும் இடம் என்று வாதிடலாம். அந்தச் சாமான்களின் ரசீதுகளைப் புகாரோடு கொடுப்பது இதற்காகத்தான். ரேஷன் கடை, நெல் கிடங்கு, மளிகைக் கடை, மோட்டார் ரூம் இவற்றில் பெரிதாகச் சிக்கல் வராது.

குடிசை கட்டடமா என்று எதிர்த்தரப்பு ஒருமுறையாவது கேட்கும். மண்சுவரும் கீற்றுக் கூரையும் போட்டு மக்கள் வாழ்ந்தால் கட்டடம்தான். நிரூபிக்க வேண்டியது வாழ்ந்தார்கள் என்பதை: ரேஷன் அட்டை, மின் இணைப்பு எண், வீட்டு வரி ரசீது, கிராம நிர்வாக அலுவலரின் சான்று. புறம்போக்கில் இருந்தாலும் பரவாயில்லை. இந்தப் பிரிவு பட்டாவைக் கேட்கவில்லை.

வைக்கோல் போர், களத்தில் குவித்த நெல், வாழைத்தோட்டம் எல்லாம் (எஃப்). மாட்டுக் கொட்டகை எல்லைக்கோட்டில் நிற்கிறது. நாலு கால் நட்டு மேலே கீற்று போட்டது என்றால் கட்டடம் என்று நிலைநாட்டுவது கடினம். சுவரும் கதவும் தீவனமும் கருவிகளும் இருந்தால் எளிது. மாடு செத்திருந்தால் 325-ஐயும் சேர்க்க வேண்டும். அதற்குக் கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனை அறிக்கை தேவை, ஆகவே புதைக்கும் முன் அழைத்துவிடுங்கள்.

கோயில் என்றாலே (ஜி) என்று எழுதிவிடுவதும் தவறு. கருவறையும் கூரையும் உள்ள கோயில், தேவாலயம், பள்ளிவாசல் பொருந்தும். வேப்ப மரத்தடியில் திறந்தவெளியில் நிற்கும் சூலமும் கல்லும் கட்டடமல்ல, தேரும் கட்டடமல்ல. அவற்றுக்கு (எஃப்) உட்பிரிவோடு, புனிதமாகக் கருதப்படும் பொருளைச் சேதப்படுத்தும் 298-ஆவது பிரிவைச் சேர்க்க வேண்டும்.

பேருந்தும் கட்டடமல்ல. தருமபுரியில் 2000 பிப்ரவரி 2 அன்று வேளாண் பல்கலைக்கழகப் பேருந்துக்குத் தீ வைத்ததில் மூன்று மாணவிகள் உயிரிழந்தனர். சேலம் செஷன்ஸ் நீதிமன்றம் 2007-இல் மூவருக்கு மரண தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றம் 2010-இல் அதை உறுதி செய்து, பிறகு 2016-இல் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. கட்டடம் என்ற வகைக்குள் வராத ஒன்றுக்குத் தீ வைத்தாலும் தண்டனை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழக்கு தமிழ்நாட்டில் இல்லை. ஆள் இருக்கும் இடத்துக்குத் தீ வைத்து ஒருவர் இறந்தால் 103-ஆவது பிரிவு (கொலை), இறக்காமல் தப்பினால் 109 (கொலை முயற்சி) பொருந்துமா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். தீவைப்புப் பிரிவை மட்டும் போட்டு முடித்துவிடக் கூடாது.

கட்டடம் முழுவதும் சாம்பலாக வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. தீயால் சேதம் நிகழ்ந்திருக்க வேண்டும், அழிக்கும் எண்ணமோ அறிவோ இருந்திருக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் ஓடிவந்து அணைத்ததால் கூரையின் ஒரு மூலை மட்டும் கருகினாலும் (ஜி) பொருந்தும். எதுவுமே பற்றாமல் தீக்குச்சி அணைந்துவிட்டால் 62-ஆவது பிரிவின்படி முயற்சி. பெட்ரோல் ஊற்றித் தீப்பெட்டி எடுத்தபோது பிடித்துவிட்டார்கள் என்றால் அதுவும் முயற்சிதான். கேனோடு தெருமுனையில் பிடிபட்டால் அது வெறும் தயாரிப்பு என்ற வாதம் வலுவாக எழும்.

சேர்க்க மறக்கும் சட்டங்கள்

அரசு, அரசு நிறுவனச் சொத்து என்றால் 1984-ஆம் ஆண்டின் பொதுச்சொத்துச் சேதத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு: குறைந்தது 1 ஆண்டு, கூடினால் 10 ஆண்டு கடுங்காவல். ஓராண்டுக்கும் கீழே குறைக்க நீதிமன்றம் காரணம் எழுத வேண்டும். தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டின் சொத்துச் சேதம் மற்றும் இழப்புத் தடுப்புச் சட்டமும் உண்டு. அது தனியார் சொத்துக்கும் நீளும்.

பெட்ரோல் குண்டு வீச்சில் 1908-ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டத்தையும் போலீஸ் சேர்ப்பது வழக்கம். அந்தச் சட்டத்தின் 7-ஆவது பிரிவுப்படி மாவட்ட ஆட்சியரின் இசைவு இல்லாமல் நீதிமன்ற விசாரணையைத் தொடங்க முடியாது. இசைவாணை கோப்பில் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவர், எரித்தவர் அப்படி அல்லாதவர் என்றால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தாக வேண்டும். சொத்துக்குத் தீ என்றால் 3(2)(3): ஆறு மாதம் முதல் 7 ஆண்டு வரை. வீடு, வழிபாட்டிடம், கிடங்கு என்றால் 3(2)(4): ஆயுள் தண்டனை மட்டுமே, அதற்குக் கீழே இறங்க வழியில்லை. சாதிப் பெயர் சொல்லித் திட்டினார்களா என்று தேடிக்கொண்டே இந்த உட்பிரிவுகளைக் கைவிடுகிறார்கள். இவற்றுக்கு அது தேவையில்லை. சொத்து யாருடையது என்பதே கேள்வி. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ நேரில் தெரியும் என்றால் சாதியும் தெரியும் என்று அனுமானிக்க 8-ஆவது பிரிவு இடம் தருகிறது. இரு தரப்புச் சாதிச் சான்றுகளையும் வாங்கிக் கோப்பில் வையுங்கள். துணைக் கண்காணிப்பாளர் நிலையில் உள்ளவர்தான் விசாரிக்க வேண்டும். ஆய்வாளரே முடித்துவிட்டால் எதிர்த்தரப்புக்குக் கையில் ஆயுதம் கொடுத்த கதை. முன்ஜாமீனுக்கு 18-ஆவது பிரிவு தடை.

கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டபோது இப்படியொரு சட்டம் இல்லை. கீழ் நீதிமன்றம் தண்டித்தவர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. இச்சட்டத்தை வெறும் கூடுதல் பிரிவாகப் பார்ப்பவர்கள் அந்த வரலாற்றை ஒருமுறை படித்துவிட்டு வருவது நல்லது.

தீ வைக்கப்பட்டதுதான் என்று எப்படி நிரூபிப்பது?

அடையாளம் காட்டும் சாட்சி இருக்கும் வழக்குகளில்கூட எதிர்த்தரப்பு முதலில் கேட்பது, 'மின்கசிவாக இருக்கலாமே?' என்றுதான். அதற்குப் பதில் கோப்பில் இல்லாவிட்டால் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகும். ஆகவே இயல்பான காரணங்களை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். மெயின் சுவிட்ச், எம்சிபி (கோளாறு வந்தால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) எந்த நிலையில் இருந்தது? அன்று அந்தத் தெருவில் மின்சாரம் இருந்ததா? சிலிண்டர் ரெகுலேட்டர் திறந்திருந்ததா, மூடியிருந்ததா? விளக்கேற்றியிருந்தார்களா? மின் ஆய்வாளரின் அறிக்கையும் தீயணைப்பு நிலைய அலுவலரின் அறிக்கையும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் தர வேண்டும். கம்பி நுனியில் செம்பு உருகி மணி போல் திரண்டிருந்தால் அப்போது அதில் மின்சாரம் ஓடியது என்று மட்டுமே தெரியும். அந்த மணி தீக்குக் காரணமா, தீயால் வந்ததா என்பது வேறு கேள்வி.

வைத்த தீ என்று காட்டும் வலுவான அடையாளம், ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று இடங்களில் தீ தொடங்கியிருப்பது. இதிலும் அவசரம் வேண்டாம். எரியும் கூரைக் கீற்றோ உருகிய ஃபேன் இறக்கையோ கீழே விழுந்து தனித் தொடக்கம் போல ஒரு கரிவட்டத்தை உண்டாக்கும். மூடிய அறை முழுவதும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும் கட்டம் வந்துவிட்டால், பெட்ரோல் ஊற்றியது போன்ற கறை எதுவும் ஊற்றாமலே தரையில் விழும். கண்ணாடியில் சிலந்தி வலை போன்ற விரிசல், சிமெண்ட் தரை பொரிந்து பெயர்வது ஆகியவற்றைப் பெட்ரோலின் கையெழுத்தாகப் பல காலம் சொல்லிவந்தார்கள். சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டாலே அந்த விரிசல் வரும். அமெரிக்காவின் டெக்சாஸில் இத்தகைய அடையாளங்களை நம்பித் தண்டிக்கப்பட்ட ஒருவருக்கு 2004-இல் மரண தண்டனையே நிறைவேறியது. அந்தச் சான்றுகள் அறிவியல் முறையில் நிற்காதவை என்று பின்னர் வல்லுநர்கள் எழுதினார்கள்.

கூரை வீடுகளில் இன்னொரு இடர். சில நிமிடங்களில் எல்லாம் தரைமட்டமாகிவிடும். எங்கே தொடங்கியது என்று சொல்லச் சுவரில் ஒரு கோடுகூட மிஞ்சாது. அங்கே முதலில் பார்த்தவர் 'எந்தப் பக்கம் எரிந்துகொண்டிருந்தது' என்று சொல்வதுதான் முதன்மைச் சான்று. அதை அன்றே பதிவு செய்ய வேண்டும்.

மாதிரி எடுப்பதில் நடக்கும் தவறுதான் ஆய்வகத்தில் பெரும்பாலும் வழக்கைக் கெடுக்கிறது. சாதாரண பாலித்தீன் கவரில் பெட்ரோல் ஆவி நிற்காது, கசிந்துவிடும். புதிய, இறுக்க மூடும் உலோக டின், கண்ணாடி ஜாடி அல்லது இதற்கென்றே வரும் நைலான் பை வேண்டும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. மேலே உள்ள காலியிடத்தில் சேரும் ஆவியைத்தான் ஆய்வகம் சோதிக்கிறது. நன்றாக எரிந்து சாம்பலான இடத்தில் ஒன்றும் கிடைக்காது. வாசற்படி இடுக்கு, பீரோ அடிப்பகுதி, தரை வெடிப்பு, மண் தரையென்றால் கரிக்குக் கீழே உள்ள மண் ஆகிய இடங்களில் எடுங்கள். எரியாத அதே பாய், அதே துணி, அதே மண்ணில் ஒரு ஒப்பீட்டு மாதிரியும் வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் புதுக் கையுறை. தீயணைப்பு பம்புக்கு அங்கேயே எரிபொருள் நிரப்பினார்களா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்; குறுக்கு விசாரணையில் வரும். பெட்ரோலின் இலேசான பகுதிகள் சீக்கிரம் ஆவியாகும், எனவே மாதிரி காவல் நிலைய அலமாரியில் தூங்கும் ஒவ்வொரு நாளும் நட்டம்.

எரிபொருள் இல்லை என்று அறிக்கை வந்தால் வழக்கு செத்துவிடாது. முழுவதும் எரிந்திருக்கலாம், தண்ணீர் அடித்துப் போயிருக்கலாம். இருக்கிறது என்று வந்தாலும் அது மட்டும் போதாது. மண்ணெண்ணெய் அடுப்போ பைக்கோ இருந்த வீட்டில் அதற்கு வேறு விளக்கம் உண்டு.

7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் வந்து சான்று சேகரிப்பதையும் அதை வீடியோவில் பதிவதையும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) கட்டாயமாக்குகிறது. மாநில அரசு அறிவிக்கும் நாளிலிருந்து இது பொருந்தும். (எஃப்), (ஜி) இரண்டுமே இந்த வரம்புக்குள் வருகின்றன. எனவே நிபுணரை அழைக்கச் சொல்லி எழுத்தில் கேட்கலாம்.

யார் வைத்தது?

இரவில் நடக்கும் குற்றம் இது. 'தீ வெளிச்சத்தில் பார்த்தேன்' என்ற சாட்சியை நம்ப வைக்க வேண்டுமானால், பார்த்த இடத்துக்கும் தீக்கும் இடையிலான தூரம், தெருவிளக்குக் கம்பம் இருந்த இடம், அது அன்று எரிந்ததா என்பது எல்லாம் மாதிரி வரைபடத்தில் இருக்க வேண்டும். வரைபடத்தில் இல்லாத தெருவிளக்கு சாட்சிக் கூண்டில் திடீரென்று எரியத் தொடங்கினால் நீதிபதி கவனிப்பார். முதல் தகவல் அறிக்கை மாஜிஸ்திரேட்டிடம் எத்தனை மணிக்குப் போனது என்று அவர் கையெழுத்துக்குக் கீழே எழுதியிருக்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பார்க்கும் இடம் அதுதான். இரவு 11 மணிப் பதிவு மறுநாள் மாலை சேர்ந்திருந்தால், இடையில் பெயர்களைச் சேர்த்தார்கள் என்ற வாதம் எழும்.

பல நிலையங்களில் முதலில் 'தீ விபத்து' என்று பதிந்துவிட்டுப் பிறகு பிரிவு மாற்ற அறிக்கை அனுப்புகிறார்கள். அதில் தவறில்லை. எந்தப் புதிய தகவல் வந்ததால் மாற்றப்பட்டது என்பது அந்த அறிக்கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நேரில் பார்த்தவர் இல்லையென்றால் சூழ்நிலைச் சான்றுகள். 1984-இல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த ஐந்து நெறிகள்தான் இன்றும் அளவுகோல்: சங்கிலியில் ஒரு கண்ணிகூட விடுபடக் கூடாது, குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதி என்ற முடிவுக்கு எந்த இடைவெளியும் இருக்கக் கூடாது. பெட்ரோல் பங்கின் கேமராப் பதிவு, யுபிஐ கட்டண விவரம், செல்போன் கோபுர விவரம் எல்லாம் கண்ணிகள். டிவிஆரில் (கேமராப் பதிவைச் சேமிக்கும் கருவியில்) பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும், ஆகவே முதல் நாளே கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். டிவிஆர் கடிகாரம் எத்தனை நிமிடம் முன்னே பின்னே ஓடுகிறது என்று ஒப்பிட்டு மகஜரில் எழுத வேண்டும். புதிய சாட்சியச் சட்டமான சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவுச் சான்று, ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்), இல்லாவிட்டால் பதிவு சான்றாக ஏறாது.

பெட்ரோல் ஊற்றுபவர்களில் பலருக்குத் தாங்களே சுட்டுக்கொண்ட காயம் இருக்கும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவி ஊற்றியவர் காலடிக்கே திரும்பி வரும். முன்கை முடி, புருவம், கண்ணிமை கருகியிருக்கிறதா என்று கைதான உடனே மருத்துவர் பார்க்க வேண்டும். சில நாட்கள் கழித்துப் பார்த்து பயனில்லை. காவலில் அவர் சொன்ன வாக்குமூலத்தில், ஒரு பொருளைக் கண்டெடுக்க வழிகாட்டிய பகுதி மட்டுமே சாக்ஷ்ய அதினியத்தின் 23-ஆவது பிரிவின் கீழ் ஏற்கப்படும். 'நான்தான் வைத்தேன்' என்பது ஏற்கப்படாது. 'கேனைக் கிணற்றடியில் போட்டேன்' என்று சொல்லி அங்கே கேன் கிடைத்தால் அந்த அளவு ஏற்கப்படும்.

தீக்காயம் பட்டவர் மருத்துவமனையில் இருந்தால் மாஜிஸ்திரேட் மரண வாக்குமூலம் எடுப்பார். பேசும் நிலையில் இருந்தார் என்ற மருத்துவர் சான்று இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பதிவு செய்தவர் அதைத் திருப்தியாகச் சொன்னால் ஏற்கலாம் என்று 2002-இல் லட்சுமண் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அவர் பிழைத்துவிட்டால் அது மரண வாக்குமூலம் அல்ல. அவரே வந்து சாட்சி சொல்ல வேண்டும்.

கும்பல் வைத்த தீயில் தீக்குச்சி யார் கையில் இருந்தது என்று தெரியாவிட்டாலும் நியாய சன்ஹிதாவின் 190-ஆவது பிரிவில் உள்ள பொது நோக்கம் உதவும். ஆனால் ஒவ்வொருவரும் அந்தக் கும்பலில் இருந்ததையும், தீவைப்பு அந்தப் பொது நோக்கத்தில் அடங்கியதையும் தனித்தனியே காட்ட வேண்டும். ஊரில் உள்ள ஆண்கள் எல்லோர் பெயரையும் எழுதிக் கொடுக்கும் புகார் கடைசியில் உண்மையான ஐந்து பேரையும் காப்பாற்றிவிடும்.

புகாரில் என்ன எழுதுவது?

நடந்ததை நேர வரிசையில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், முதலில் பார்த்தது எந்தப் பக்கத் தீ, என்ன வாசனை, யாரை எவ்வளவு தூரத்தில் எந்த வெளிச்சத்தில் பார்த்தீர்கள், அவர் கையில் என்ன, யார் அணைத்தார்கள். பார்க்காததைப் பார்த்ததாக எழுத வேண்டாம். சந்தேகம் என்றால் சந்தேகம் என்றே எழுதி, காரணத்தையும் சொல்லுங்கள். எரிந்த பொருட்களின் பட்டியல், மதிப்பு, ரசீது. பழைய மிரட்டல் இருந்தால் தேதி, அப்போது கொடுத்த மனுவின் ரசீது எண். தடயவியல் குழு வரும்வரை சாம்பலைக் கூட்டிப் பெருக்காதீர்கள். வெளியிலிருந்து உள்ளே வரும் வரிசையில் போனில் படமெடுத்து, அசல் கோப்பை அழிக்காமல் வையுங்கள்.

நிலையத்தில் பதிய மறுத்தால் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4)-இன்படி மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். 90 நாட்களுக்குள் விசாரணை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டிய கடமையும் போலீசுக்கு உண்டு.

எதிர்த்தரப்புக்கு வேலை செய்பவர்கள் இதே வரிசையைத் தலைகீழாகப் போகலாம்: (ஜி) என்று போட்டிருந்தால் கட்டடத்தின் வழக்கமான பயன்பாட்டுக்குச் சான்று உண்டா, மின்கசிவு நீக்கப்பட்டதா, மாதிரி எந்தக் கலனில் போனது, வெளிச்சம் வரைபடத்தில் உண்டா. தற்காப்பு என்ற பதிலும் சில வழக்கில் வரும். குடியிருப்புக்கோ சொத்து வைக்கும் இடத்துக்கோ ஒருவர் தீ வைக்கும்போது அவரைத் தடுக்க, மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், உயிரைப் பறிக்கும் அளவு வரை உரிமை நீள்கிறது என்று நியாய சன்ஹிதாவின் 41-ஆவது பிரிவு சொல்கிறது. கவனியுங்கள், அந்தப் பட்டியலில் கூடாரமும் படகு, கப்பல் போன்ற கலமும் உண்டு, வழிபாட்டிடம் இல்லை.

(ஜி) குற்றச்சாட்டில் கட்டடம் என்ற கூறு மட்டும் நிரூபணமாகாமல் மற்றவை நிற்குமானால், நீதிமன்றம் சுரக்ஷா சன்ஹிதாவின் 245-ஆவது பிரிவைப் பயன்படுத்தி (எஃப்) உட்பிரிவில் தண்டிக்கலாம். தனிக் குற்றச்சாட்டு வனைய வேண்டியதில்லை. காவலில் இருப்பவருக்குக் குற்றப்பத்திரிகைக் கெடுவும் எந்த உட்பிரிவு என்பதைப் பொறுத்துத்தான். (எஃப்) என்றால் 60 நாள், (ஜி) என்றால் 90 நாள். 61-ஆவது நாள் ஜாமீன் கேட்டு மனு வந்து நிற்கும்போது எந்த உட்பிரிவு பொருந்தும் என்று யோசிக்கத் தொடங்கினால் காலம் கடந்துவிட்டது.